காற்றழுத்தக் கணக்குக் கேட்ட காக்கா

ஒலுவில் துறைமுகத்துக்கு நான் போனது மீன் வாங்க. என்ட கணக்கு அறிவுக்கு வீட்டுல என்னத் தனிய மீன் வாங்க விடுறதில்ல. அண்டைக்கு எப்பிடியோ விட்டுட்டாங்க.

ஐஸ் கொட்டிலுக்குள்ள வெள்ளைத் தாடியோட ஒரு காக்கா நிண்டார். எங்கட பக்கம் காக்கா எண்டா அண்ணன், மூத்தவர். சுவர்ல காற்றழுத்தம் காட்டுற பழைய வட்டக் கருவி ஒண்டு. அதுட கண்ணாடிய நகத்தால தட்டுவார், முள்ளப் பார்ப்பார், திரும்பவும் தட்டுவார். வெளியில ஒரு ஓலையும் அசையல்ல. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்திச்சு.

"தம்பி, இது பாதரச மில்லிமீட்டர். எழுநூற்றி நாப்பத்தொண்டு காட்டுது. ரேடியோவில செல்ற மில்லிபாருக்கு மாத்தித் தாங்களன். நாலால பெருக்கி மூணால பிரிக்கணும். ஆயிரத்துக்குக் கீழ எண்டா புயல்தான். மகன்ட போட் இன்னும் வரல்ல."

போன்ல கணக்க அடிச்சன்.

"ஆயிரத்தியொண்டு, காக்கா. மயிரிழையில பாஸ்."

"அல்ஹம்துலில்லாஹ்." முகம் முழுக்கச் சிரிச்சார்.

போனத் திரும்பப் பார்த்தா, நான் எழுநூற்றி ஐம்பத்தொண்டு எண்டு அடிச்சிருக்கன். சரியா அடிச்சா தொள்ளாயிரத்து எண்பத்தெட்டுத்தான் வருது.

"காக்கா, விரல் பிசகிட்டு. தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு."

"ஓம், தெரியும். உங்களுக்கு முன்னுக்கு வந்த மூணு பேரும் அதத்தான் சென்னாங்க."

கண்ணாடியத் தட்டினார். முள்ளு இன்னும் கொஞ்சம் கீழ இறங்கிச்சு.

"பரவாயில்ல தம்பி. முதல்ல சென்னத இன்னொருக்காச் செல்லுங்க."

சென்னன். கண்ண மூடிக் கேட்டார். ஒரு பிழையான கணக்க அவ்வளவு கவனமாக் கேட்ட மனிசர நான் வேற எங்கயும் காணல்ல.