நான் எழுதிக் கொடுத்த நற்சான்று

ஊராட்சி ஒன்றியத்தில் உதவிப் பொறியாளராக இருந்த காலம் முழுக்க நான் யாரிடமும் கை நீட்டியதில்லை. இதை எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொல்லியிருக்கிறேன். கை சுத்தமாக இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பிய ஆள் நான்.

ஆத்தூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது, ரேஷன் கடைக் கட்டடம் ஒன்றைக் கட்ட ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அவருக்கு நான் எப்போதும் ‘சாமி’தான். கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டால் அடியில் கொடுத்த முட்டுகளைப் பிரிக்க இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். அவரிடம் இருந்ததோ ஒரே செட் முட்டும் தகடும். அதை நம்பி இரண்டு ஊரில் வேலை எடுத்திருந்தார். ஏழாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது முட்டெல்லாம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. தளத்தின் மேல் ஈரச் சாக்கும் இல்லை, தண்ணீரும் இல்லை.

“இப்பவே பிரிச்சா தளம் என்னத்துக்கு ஆகும்? அறிவிருக்கா உங்களுக்கு?” என்று கத்தினேன்.

“ஒண்ணும் ஆவாதுங்க சாமி. கோவிச்சுக்காதீங்க. நாளைக்கே ஆள உட்டுத் தண்ணி பாச்சிப்போடறேன்.”

முதல் மழைக்கே ஒழுகியது. அரிசி மூட்டைகள் நனைந்தன. மேலே பூசச் சொன்னேன், பூசினார். மறுபடி ஒழுகியது, மறுபடி பூசினார். ரேஷன் கடை வாசலில் நின்ற பெண்கள் அவரை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்கள். மூன்றாவது பூச்சுக்குப் பிறகு ஒருவழியாக நின்றது. அதற்குள் மனிதர் என் பிராணனை வாங்கிவிட்டார்.

எங்கள் அலுவலகங்களில் ஒரு வழக்கம் உண்டு. தொல்லை பிடித்த குமாஸ்தாவை வேறு ஊருக்குத் தள்ள வேண்டுமென்றால், நல்ல உழைப்பாளி என்று குறிப்பெழுதி அனுப்பிவிடுவார்கள். மோசம் என்று எழுதினால் விசாரணை, கோப்பு, பதிலுக்குப் பதில் என்று இழுத்துக்கொண்டே போகும். ஆளும் நம் தலையிலேயே கிடப்பார். ஒப்பந்தக்காரர்களுக்கும் நாங்கள் அதையேதான் செய்தோம். யாரும் இதைத் தப்பென்று பேசி நான் கேட்டதில்லை.

ஒருநாள் அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“எங்கூருப் பக்கமே வேல வருதுங்க சாமி. நீங்க ஒரு அனுபவச் சான்று மட்டும் குடுத்துப்போடுங்க. அப்புறம் இந்தப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைத் தலைமுழுக இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்றுதான் தோன்றியது. ரேஷன் கடைக் கட்டடத்தை உரிய காலத்தில் திருப்திகரமாகக் கட்டி முடித்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். ஒரு டீகூட வாங்கிக் குடிக்கவில்லை. அன்று மாலை வீட்டில் எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. கொல்லிமலை அடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து பேசினார், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் பொறியாளர்.

“சார், நீங்க குடுத்த சான்று டெண்டர்ல வெச்சிருக்காருங்க. ஆளு எப்படிங்க சார்? பள்ளிக்கூடத்து வேலை, அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.”

டெண்டரில் குறைந்த தொகை கேட்டிருந்தவர் அந்த ஒப்பந்தக்காரர்தான் என்றும் சொன்னார். அவரை ஒதுக்க அந்தப் பெண்ணுக்கு ஒரு காரணம் வேண்டும், அது என்னிடம் இருந்தது. சொன்னால், பிறகு ஏன் இப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்பார். வேலை கிடைக்காவிட்டால் அந்த மனிதர் திரும்பி என்னிடமே வருவார். போனைக் காதில் வைத்தபடியே இவ்வளவும் யோசித்தேன். பிள்ளைகளைப் பற்றி யோசித்தேனா என்றால், இல்லை.

“சான்றுல என்ன எழுதியிருக்கேனோ அதுதாம்மா,” என்றேன்.

“சரிங்க சார், ரொம்ப நன்றிங்க.”

வேலை அவருக்கே கிடைத்தது. அந்தப் பள்ளிக் கட்டடம் திறந்து இரண்டாவது மழைக்காலம். பாடம் நடந்துகொண்டிருந்தபோது வகுப்பறைக் கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து விழுந்து, நாலாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்றுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பொறியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. உடைந்த கான்கிரீட்டுக்கு நடுவே ஒரு நோட்டு விரிந்து கிடந்தது. படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்த எண்ணம், என் கையெழுத்துள்ள தாள் இன்னும் அந்தக் கோப்பில் இருக்குமா என்பதுதான். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று அதற்குப் பிறகுதான் கேட்கத் தோன்றியது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

அந்தப் பெண் பொறியாளருக்கு விளக்கம் கேட்டு மெமோ போனது. நாமக்கல்லில் நடந்த விசாரணைக்கு என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி சான்றை நீட்டி, “இது உங்க கையெழுத்துதானே? வேலை திருப்தியா இருந்துச்சா?” என்று கேட்டார். “எங்க கட்டடத்துல இப்ப ஒரு குறையும் இல்லீங்க சார்” என்றேன். ‘இப்ப’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பித்தேன். அதை நம்பித்தான், ஒப்பந்தக்காரர் சரியான ஆள், மேற்பார்வைதான் சரியில்லை என்று முடிவுகட்டி, பின்னால் அந்தப் பெண்ணுக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். குழந்தையின் தோள் சேர்ந்துவிட்டது. அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை.

வெளியே வந்தபோது அந்தப் பெண் வராந்தாவில் நின்றிருந்தார். முகம் பார்த்துப் பேசியது அன்றுதான். போனில் என்னிடம் விசாரித்ததைத் தன் விளக்கத்தில் எழுதவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன்.

“அன்னிக்குப் போன்ல நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்தீங்க சார். எனக்கு அப்பவே சந்தேகம் வந்துச்சுங்க. அந்த ரேஷன் கடைய ஒரு எட்டு நேர்ல போயிப் பாத்திருக்கணும். ஒரு பஸ் ஏறுனா வந்திருக்கலாம். வரலை. என் தப்புக்கு உங்க பேர எதுக்குங்க சார் எழுதறது?”

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நேராக அதிகாரி அறைக்குத் திரும்பிப் போனேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்து, “என்ன சார், இன்னும் ஏதாவது சொல்லணுமா?” என்றார்.

“இல்லீங்க சார். பேனாவ வெச்சுட்டுப் போயிட்டனோன்னு பாத்தேன்.”

பாவம், அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு மேஜைக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தார். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. திரும்பினேன். கதவுக்கு வெளியே நின்று அந்தப் பெண் என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.