அண்ணாந்து குடித்த காபி

அடையாறில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், யார் என்ன சாப்பிட வேண்டும் என்று எழுதித் தருவது என் பொறுப்பு. எழுதித் தருவது சுலபம். சாப்பிட வைப்பதில்தான் தாவு தீர்ந்துவிடும். அதிலும் மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு மாமி என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை.

மாமி தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து தேறியவர். தண்ணீர் குடித்தாலே அவருக்குப் புரை ஏறியது. நுரையீரலுக்குள் போய்விடுமோ என்று பயந்து, அவர் குடிப்பது எல்லாவற்றிலும் கெட்டியாக்கும் மாவைக் கலக்கச் சொல்லிவிட்டேன். காபியிலும்தான்.

"இது காபியா, போஸ்டர் ஒட்டற பசையா?" என்று மாமி டம்ளரைத் தள்ளி வைத்தார். நல்ல காபி இல்லாமல் சாப்பாடும் இறங்காதாம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் எடையோ குறைந்துகொண்டே போனது. திங்கட்கிழமைக்குள் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை, விழுங்கப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் வந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். மாமி இருமித் தீர்த்துவிட்டு, "யாரோ நினைச்சுக்கறா" என்றார். தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்த ஆயாம்மா என் பக்கம் திரும்பினார்.

"இன்னா மேடம், இப்டி அண்ணாந்து ஊத்திக்கினா எனக்கே பொரை ஏறும்."

நானும் தெரபிஸ்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருமே அண்ணாந்து குடித்து வளர்ந்தவர்கள். அதனாலேயே அது எங்கள் கண்ணில் படவில்லை. விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். வெட்கமாகப் போய்விட்டது.

"மாமி, வாய் வச்சுக் குடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"பொது டம்ளர். பத்துப் பேர் குடிக்கறது. எச்சப் பண்ணலாமோ? எங்காத்துல எனக்குன்னு தனி டம்ளர் இருந்தது. அதுல வாய் வச்சுத்தான் குடிப்பேன்."

அன்று மாலையே தி.நகர் போய், கூட்டத்தில் இடிபட்டு, எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கி மாமியின் பெயரை வெட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் மாமி கண்ணாடி மாட்டிக்கொண்டு அதைப் படித்தார்.

"மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கலையே. போனாப் போறது, என் பேர்தான்."

முகவாயைத் தாழ்த்திக்கொள்ளச் சொன்னார் தெரபிஸ்ட். மாவு கலக்காத காபியை மாமி உதடு வைத்து ஒரு வாய் உறிஞ்சினார். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இருமல் வரவில்லை. இன்னொரு வாய். அப்போதும் வரவில்லை. ஆயாம்மா சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளிவிட்டார். அன்று மத்தியானம் குழைந்த ரசம் சாதம் முக்கால் கிண்ணம் உள்ளே போனது.

திங்கட்கிழமை டாக்டர் வந்தபோது, மாமி சமையல்காரரை வரவழைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ரசத்துல உப்பும் இல்லை, பெருங்காயமும் இல்லை. மனுஷா எப்படிச் சாப்பிடறது?"

உப்பைக் குறைக்கச் சொன்னவள் நான்தான். ஆனாலும் மாமி ருசி கேட்க ஆரம்பித்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் ரசம் வாங்கிக் குடித்துப் பார்த்தார்.

"மாமி சொல்றது சரிதான். உப்பு கம்மி" என்றவர், குழாய் என்று தான் எழுதி வைத்திருந்ததைப் பேனாவால் அடித்தார்.