வாழையிலை விரித்துத் தந்த ஆண்டவர்

ஆண்டவருக்குள் அன்பான உறவுகளே, என் தோல் என்னை விட்டுக் கழன்று போனதையும், அதை ஆண்டவர் எனக்குத் திருப்பித் தந்ததையும் சொல்ல வந்திருக்கிறேன். என் பெயர் சகாயமேரி. நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். சுசீந்திரம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாக மீன் விற்பதுதான் என் பிழைப்பு. கணவர் அந்தோணி வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். ஒரே மகள் ஷைனி. எனக்கு விலை சொல்லித்தான் பழக்கம், சாட்சி சொல்லிப் பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன், தவக்காலத்தில் வாய்க்குள் புண் வந்தது. வெயிலில் அலைகிற உடம்பு, சூடு என்று நினைத்தேன். மோர் குடித்தேன். மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கித் தின்றேன். புண் ஆறவில்லை. மீன்குழம்பை நாக்கில் வைக்க முடியாது. பிறகு வெறுங்கஞ்சியும் இறங்கவில்லை. உயிர்ப்புப் பெருவிழா முடிவதற்குள் நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளங்கள் கிளம்பின. தளதளவென்று நீர் கோத்து, தொட்டால் உடைந்துவிடும். உடைந்த இடத்தில் தோல் இருக்காது, சிவப்பாய்ச் சதைதான் தெரியும். மேல்துணி பட்டாலே உயிர் போய் உயிர் வரும்.

மீன் சருவத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு போனால் வாங்குகிறவர்கள் என் கையைப் பார்த்தார்கள். பிறகு வாசல் கதவைச் சாத்தினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் கையால் எடுத்துக்கொடுக்கிற மீனை நானே வாங்கியிருக்க மாட்டேன். பங்குக் கோவிலில் உப்பும் மிளகும் நேர்ச்சை போட்டேன். கொப்புளம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கடற்கரைக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்தப் புண்ணுக்கும் கடல் தண்ணீர்தான் மருந்து. கயிறு அறுத்த கையும், மீன் முள் குத்திய காலும் உப்புத் தண்ணீரில்தான் எங்களுக்கு ஆறும். ஆகவே ஒருநாள் விடியற்காலையில் என் கணவரும் மதினியும் என்னைக் கரைக்குக் கூட்டிப் போய், இடுப்பளவு தண்ணீரில் இருத்தினார்கள். நெருப்பில் இருந்ததுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். என்மேல் உள்ள பிரியத்தில்தான் என் கணவர் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை நனைத்து முதுகைத் துடைத்துவிட்டார். நல்லாய் இருந்த தோலும் துவர்த்தோடு சுருண்டு வந்துவிட்டது. அவர் தன் கையைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்தார். புயலிலும் வள்ளம் கவிழ்ந்தபோதும் அழாத மனிதர், ஈர மணலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார்.

அதைப் பார்த்தவர்கள் ஊருக்குள் சொல்லிவிட்டார்கள். அம்மை என்றார்கள் சிலர். சிலர் அதைவிடக் கேவலமான பேர் சொன்னார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஷைனியை மதினி வீட்டில் விட்டோம். பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த எங்கள் அன்பியத்தில் வாரத்துக்கு ஒரு வீட்டில் செபமாலை நடக்கும். எங்கள் முறை வந்தபோது மாதா சுரூபத்தை எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குக் கொண்டு போனார்கள். சன்னல் வழியாக அருள்நிறை மந்திரம் கேட்டது. உள்ளே கிடந்து நானும் கூடவே சொன்னேன். வலி பெரிதா, மாதா எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது பெரிதா என்று கேட்டால், அன்றைக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

மல்லாந்து படுக்க முடியாது. குப்புறப் படுக்கவும் முடியாது. எந்தப் பக்கம் படுத்தாலும் விரிப்பு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காலையில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து உரிப்பார்கள். துணியோடு தோலும் வரும். தூங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தேன். செத்துவிடுவேன் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. சண்டை போடுவதுபோல்தான் செபித்தேன். "ஆண்டவரே, நான் உம்மகிட்ட சொகம் கேக்கேல்ல. எனக்க பிள்ளையக்கூடக் கேக்கேல்ல. மல்லாந்து படுத்து ஒரு ஒறக்கம் ஒறங்கணும். அது மட்டும் தாரும். பெறகு எடுத்துக்கிடும்." இப்படித்தான் சொன்னேன். அழகான செபம் இல்லை. ஆனால் மனதிலிருந்து வந்தது.

மறுநாள் முற்பகலில் வாசலில் ஒரு குரல் கேட்டது. "மீங்காரி சகாயம் வீடு இதா?"

சிவகாமி அக்கா. சுசீந்திரத்துக்கு அந்தப் பக்கம் வயலும் வாழைத்தோப்பும் உள்ள வெள்ளாளர் வீட்டுக்காரி. பல வருடமாய் என்னிடம் மீன் வாங்குகிறவர், விலை பேசினால் லேசில் விடமாட்டார். நான் வராததைக் கண்டு பஸ் ஏறி, ஊர் ஊராய் விசாரித்து வந்திருக்கிறார். என் கணவர், "உள்ள வராதீங்கம்மா, ஒட்டிக்கிடும்" என்று தடுத்தார். அவர் கேட்கவில்லை. நேரே உள்ளே வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, வாயில புண்ணு வந்துதா மொதல்ல?"

"ஆமாக்கா."

"தொட்டா தோலு வழுகிட்டுப் போவுதா?"

தலையை ஆட்டினேன். அவர் முகம் கறுத்துப்போயிற்று.

"எனக்க நாத்தனா பகவதிக்கும் இப்பிடித்தான் வந்துது. அம்மைன்னு சொல்லி வேப்பிலைல கெடத்தினோம். ஆசுத்திரிக்குக் கொண்டு போனா அம்மைக்குக் கோவம் வரும்னு நானும் சேந்துதான் சொன்னேன். பெறகு காய்ச்சல் கண்டு, கொண்டு போவும்போ எல்லாம் கழிஞ்சு போச்சு. இது அம்மை இல்லன்னு டாக்டர் அப்பறந்தான் சொன்னாரு." பிறகு என் கணவரைப் பார்த்து, "வண்டி பிடியும் வேய்," என்றார்.

அரசு மருத்துவமனையில் தோல் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். தோலில் ஒரு பொட்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும் முன்பே, பார்த்த அளவில் நோயின் பெயர் பெம்பிகஸ் என்றார். எனக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். "அம்மா, நம்ம தோல் கோடிக்கணக்கான சின்னச் சின்ன செல்லால ஆனது. ஒரு செல்லை இன்னொரு செல்லோட ஒட்டிப் பிடிச்சிருக்க ஒரு புரதம் இருக்கு, டெஸ்மோகிளீன்னு பேரு. கிருமியை எதிர்க்கிறதுக்காக உள்ள சக்தி, அந்தப் புரதத்தை எதிரின்னு நினைச்சுத் தாக்குது. அதனால ஒட்டு விட்டுப் போச்சு. இடையில தண்ணி புகுந்து கொப்புளம் ஆகுது. இது யாருக்கும் ஒட்டாது. உங்க மகளைத் தாராளமா மடியில வச்சுக்கலாம்."

என் கணவர், "அப்போ நூலு நல்லாத்தான் இருக்கு. முடிச்சுதான் அவுந்து போச்சு. இல்லியா டாக்டரே?" என்று கேட்டார். வலை பின்னுகிறவருக்கு அப்படித்தான் தோன்றும். மருத்துவர், "ரொம்பச் சரி" என்றார்.

அங்கேயே சேர்த்து மாத்திரை தொடங்கினார்கள். ஆனால் அன்று பகலிலும் கட்டில் விரிப்பு முதுகில் ஒட்டியது. நான் கத்தியதைக் கேட்டு மருத்துவர் வந்து, "வாழையிலை கிடைக்குமா? அதுல படுத்தா ஒட்டாது" என்றார்.

வாழையிலை கிடைக்குமா என்று சிவகாமி அக்காவிடமா கேட்பது? சாயங்காலத்துக்குள் ஒரு கட்டு இலையோடு வந்தார். கிழியாத, அகலமான இளம் இலைகள். நடுநரம்பு குத்தாதபடி கத்தியால் சீவி, வெந்நீரில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, வழுவழுப்பான பக்கத்தை மேலே வைத்துக் கட்டிலில் பரப்பினார். நல்ல நாள் விருந்துக்கு இலை போடுகிறவர்கள்கூட அத்தனை கவனமாகப் போட மாட்டார்கள். என்னை அவரும் என் கணவரும் மெல்லச் சாய்த்தார்கள். முதுகு பட்டது. குளிர்ந்தது. ஒட்டவில்லை.

உறவுகளே, அன்று நான் மல்லாந்து படுத்து உறங்கினேன். நான் கேட்டதை, கேட்டபடியே, ஆண்டவர் தந்தார்.

அதோடு ஆண்டவர் நிறுத்திவிடவும் இல்லை. பஸ் நடத்துனரிடம் சொல்லிவைத்து அக்கா அனுப்பிய இலைக்கட்டு, தினமும் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. நடுவில் ஒருமுறை கிருமி தொற்றி, காய்ச்சல் ஏறி, பங்குத்தந்தை வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குச் செய்வதுபோல் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அதையும் தாண்டினேன். பிறகு நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றினார்கள். புதுக் கொப்புளம் வருவது நின்றது. பழைய புண்கள் ஓரத்திலிருந்து கறுத்துக் காய்ந்தன. ஷைனியை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் என் கையைத் தடவிப் பார்த்து, "அம்மா, இனி பிஞ்சு வராதுல்லா?" என்றாள். "வராது மக்களே" என்று அவளிடம் சொன்னேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சாட்சி பாதிதான். சுகமான பிறகு சிலர் வந்து, "ஆண்டவர் தொட்ட பெறகு மாத்திரை என்னத்துக்கு? விசுவாசம் இல்லியா?" என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. மருத்துவரையும் மாத்திரையையும் கொண்டுதான் ஆண்டவர் என்னைத் தொட்டார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்லத்தான் குறைத்து வருகிறேன். விழுங்குமுன் சிலுவை அடையாளம் போடுகிறேன். எனக்குத் தெரிந்த விசுவாசம் அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அன்பியத் தலைவி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, தலை குனிந்திருந்தது. "மேரி, இந்த வாரம் செபமால இங்க வைக்கலாமா?" என்றார். ஒரு நிமிடம் என் வாய் துருதுருத்தது. மீன்காரி வாய், கேட்கவா வேண்டும். ஆனால் என் உடம்பே என்னை அடையாளம் தெரியாமல் அடித்ததை நினைத்தேன். பயந்துபோன அயல்வீட்டுக்காரி எந்த மூலைக்கு? "வாங்க" என்றேன்.

சிவகாமி அக்காவையும் அழைத்தேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து, பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் சொல்வதை அவர் சொல்லவில்லை, ஆனால் கண்ணை மூடியிருந்தார். கடைசியில் மன்றாட்டுகள் சொல்லும் நேரம் வந்தது. எல்லோரும் எனக்காக நன்றி சொன்னார்கள். என் முறை வந்தபோது நான் சொன்னேன்: "இதே நோயில இறந்துபோன பகவதிக்காக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." வீடு முழுவதும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அக்கா என் கையைப் பிடித்தார். புதுத்தோல் வந்த இடத்தில் அழுத்திப் பிடித்தார். இத்தனை நாளும் என் முன்னால் அழாதவர், என் தோளில் சாய்ந்து அழுதார்.

அன்பானவர்களே, உங்களில் யார் எந்தப் படுக்கையில் கிடந்தாலும் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபப்படுவதில்லை. சுகமாய் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் தெருவில் சாத்திக் கிடக்கிற வீடு ஒன்று இருக்கும். உள்ளே ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள். போய்க் கதவைத் தட்டுங்கள்.