சர்வருக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தறிவீட்டில் கேட்டாலும் என் தங்கை கீர்த்தியைத் தெரியும். எங்கள் நெசவாளர் சங்கத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவளும் அவள் ஒருத்திதான். புடவைக் கரைகளின் டிசைன்கள் எல்லாம் சங்கத்துச் சர்வரில் இருக்கும். அங்கிருந்து இணையம் வழியாக வீட்டுத் தறிகளுக்குப் போகும்.

போன தையில், நாங்கள் பாதி நெய்துகொண்டிருந்த யாளிக் கரை விசைத்தறிப் புடவையில் கடைக்கு வந்துவிட்டது. யாரோ சர்வருக்குள் புகுந்து எடுத்திருக்கிறார்கள். இன்னொரு முறை நடந்தால் எங்கள் புடவையை வாங்க ஆள் இருக்காது. சர்வருக்குக் காவலாக ஃபயர்வால் போட வேண்டும் என்றாள் கீர்த்தி.

பலவற்றை ஓட்டிப் பார்த்து, இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாமாம். விலாசம் மாற்றுகிற வேலையையும் அதுவே செய்யுமாம். அது என்ன என்று கேட்டேன்.

“ஒரு சந்துல எட்டு வூடு இருக்குது, தெருவுக்கு ஒரே வாசல்னு வெச்சிக்கோண்ணா. வெளியில இருக்கிறவனுக்கு வாசல் மட்டுந்தான் தெரியும். எந்த வூட்லேர்ந்து கேட்டாங்களோ அந்த வூட்டுக்குத்தான் பதில் போவும். கேக்காம வர்றவனுக்கு உள்ள வழியே இல்ல.”

சங்கத் தலைவர் வீராசாமியின் மச்சான் சிட்டிபாபு வேறொன்றைக் கொண்டுவந்தான். ஒரு பெட்டியில் ஏற்றிய பெரிய கம்பெனிச் சாப்ட்வேர். ஆனால் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி.

“ஓசில வர்றது காவல் காக்குமாம்மா? இது லட்ச ரூபா சரக்கு!” என்றான்.

“இத்த உடைச்சவன் உள்ள இன்னா வெச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்? திருடன்கிட்டயே சாவியக் குடுக்கச் சொல்றீங்க” என்றாள் கீர்த்தி.

வீராசாமி கையைத் தூக்கினார். “எதுக்குபா சண்ட? அம்மன் முன்னாடி பூக்கட்டிப் பாத்துடலாம்.”

கல்யாணத்துக்குப் பார்ப்போம், புதுத் தறி போடப் பார்ப்போம். சாப்ட்வேருக்குமா? சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் தலையாட்டினார்கள். வெள்ளைப் பூ வந்தால் கீர்த்தி சொன்னது, சிவப்பு வந்தால் சிட்டிபாபுவுடையது. வீராசாமியே உள்ளே போய் இரண்டு பொட்டலம் கட்டிவந்து காமாட்சி படத்தின் முன் வைத்தார். அண்ணன்காரன் எடுத்தால் பின்னால் பேச்சு வராது என்று என்னையே எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். செவ்வரளி. சிட்டிபாபு கை தட்டினான்.

சாமி முன் வைத்த பூவைப் பொட்டலத்தோடு போடக் கூடாதே என்று மற்றதையும் பிரித்தேன். அதிலும் செவ்வரளி.

இரண்டையும் அவர் முன் நீட்டினேன். “இன்னா தலைவரே இது?”

“எடுக்காத பொட்டலத்த எவன் உன்ன பிரிக்கச் சொன்னது? தெய்வ குத்தம்பா! வந்தது வந்ததுதான்” என்று கத்தினார். குழுவினர் கூசாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சிட்டிபாபுவின் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து மாட்டினார்கள். எல்லாரும் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது, சர்வரிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போன ஒயரைக் கீர்த்தி பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

“இன்னாம்மா, வேல வேணாமா?” என்றார் வீராசாமி.

“தூக்கிடுங்க சார். ஏன்னு தறிக்காரங்க வந்து கேப்பாங்க. ரெண்டு பொட்டலத்துலயும் இன்னா இருந்துச்சுன்னு எங்கண்ணன் சொல்லுவாரு.”

அவர் சுண்டலைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

இப்போது சர்வருக்கு இணையம் கிடையாது. அவள் டிசைன்களைப் பென்டிரைவில் ஏற்றி, சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் தறியில் போட்டுத் தருகிறாள். ஓரிக்கை வரைக்கும் போகிறாள். யாளிக்குப் பிறகு ஒரு கரைகூட வெளியே போகவில்லை. சங்கத்தில் அந்தப் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, எதையும் காக்காமல் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் வீராசாமி அதற்குப் பூ வைக்கிறார். செவ்வரளிதான்.