எப்சிபாவின் கல்யாண ஃபோல்டர்

எப்சிபாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: சுரண்டையில் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஆல்பம் போட வேண்டும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் போய் வருவாள்.

படங்கள் இருப்பது தென்காசியில், வேல்சாமி அண்ணாச்சியின் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஸ்டான்லி அதை நெட் வழியாக இவளுடையதோடு இணைத்துக் கொடுத்திருந்தான். ஸ்டுடியோ ஃபோல்டர்கள் எல்லாம் இங்கே ஒரு டிரைவாகத் தெரியும். பார்க்கலாம், எடுத்து ஆல்பத்தில் வைக்கலாம். அங்கே இருப்பதைத் திருத்தவோ அழிக்கவோ முடியாது. யாராவது கை தவறி அழித்துவிடுவார்கள் என்று அண்ணாச்சிக்கு அவ்வளவு பயம். தன் கையைப் பற்றி மட்டும் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அந்த டிரைவில் எப்சிபாவின் கல்யாணமும் இருந்தது. அண்ணாச்சி எடுத்த படங்கள்தான். கல்யாணமான கையோடு அவள் புருஷன் பென்னி துபாய்க்குப் போய்விட்டான். போனில் பேசும்போதெல்லாம், "நம்ம ஆல்பம் என்னாச்சு?" என்பான். "கஸ்டமர் வேலை முடியட்டும்" என்பாள். கஸ்டமர் வேலை எந்தக் காலத்தில் முடிந்தது? தினமும் அந்த ஃபோல்டரைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். ஒரு காப்பி எடுத்து வைக்கத் தோன்றவில்லை. கண் முன்னாலேயே இருக்கிறதே!

சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் ஜோடி ஜோடியாக நிற்க வைத்து வீடியோ எடுத்தே அண்ணாச்சி ஹார்ட் டிஸ்கை நிரப்பிவிட்டார். ஒருநாள் காலையில் பார்த்தால் எப்சிபாவின் ஃபோல்டரைக் காணோம். போனைப் போட்டாள்.

"அண்ணாச்சி, என் கல்யாணப் படத்தக் காணுமே!"

"இங்கன இடம் பத்தலம்மா, அதான் அழிச்சேன். உன் கம்ப்யூட்டர்ல இருக்குல்லா? வீட்டுக்கு வந்தப்ப நானே பாத்தேனே."

"உங்ககிட்ட இருக்கதுதான் இங்கன தெரிஞ்சுது அண்ணாச்சி! இருந்ததே அது ஒண்ணுதான்!"

"ஐயையோ, இப்ப என்னம்மா செய்ய?"

"புதுசா எதையும் ஏத்தாதீங்க, அழிச்சத மீட்க முடியாமப் போயிரும். ஆஃப் பண்ணிப் போடுங்க. நான் வாரேன்."

தென்காசி பஸ் வழியில் நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் எப்சிபா அண்ணாச்சியைத் திட்டினாள். அவரைவிடத் தன்னைத்தான் அதிகம் திட்டினாள். பென்னிக்கு என்ன பதில் சொல்வது?

அவள் போய்ச் சேர்வதற்குள், அண்ணாச்சி கூப்பிட்டு ஸ்டான்லி வந்து மீட்கும் வேலையைத் தொடங்கியிருந்தான். அழித்த படங்கள் பெயரில்லாமல், ஃபோல்டர் இல்லாமல், முன்பு அழித்த கல்யாணங்களோடு கலந்து வந்து விழுந்தன. எத்தனையோ மணப்பெண்களுக்கு நடுவில் எப்சிபா தன்னைத் தேடினாள். அண்ணாச்சி டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலுக்கே போய்விட்டார்.

வெள்ளைச் சேலையும் தலையில் நெட் முக்காடுமாக ஒரு பெண். 'இந்தப் பிள்ளைக்கு ஏன் இப்படி பவுடரை அப்பியிருக்காவ' என்று நினைத்தபடி தாண்டிப் போனாள். அப்புறம் திடுக்கிட்டுத் திரும்பி வந்தாள். அது அவளேதான். பக்கத்தில் பென்னி சிரித்துக்கொண்டிருந்தான். எப்சிபா உடைந்து அழுதாள்.

பாதிப் படங்கள்தான் மிஞ்சின. அவற்றை உடனே இரண்டு இடத்தில் காப்பி எடுத்தாள்.

"எம்மா, அந்த வீரகேரளம்புதூர் ஆல்பத்த நாளைக்குக் கேக்காவ" என்று அண்ணாச்சி மெல்ல வாயைத் திறந்தார்.

"கேக்கட்டும் அண்ணாச்சி. மொதல்ல என் கல்யாணம்."

அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து ஆரம்பித்தாள். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை.