முத்திரை அடிக்காத மோதிரம்

பழைய காலத்து மோதிரங்களைப் பார்த்து அதேபோலப் புதிதாகச் செய்வது என் தொழில். நெளுக்குளத்தில் ரசீன் நானாவின் பட்டறையில் பதினான்கு வருடமாக மெழுகு வேலை செய்கிறேன். நந்தி படுத்திருக்கும் முத்திரை மோதிரம், தாமரை மோதிரம், போர்த்துக்கேயர் காலத்தது என்று சொல்லப்படும் இரண்டு கை கோத்த மோதிரம், எல்லாம் செய்வோம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மெழுகு செதுக்க ஒரு மாதத்தில் காட்டிக் கொடுத்துவிடலாம். மற்ற விஷயம் கைக்குப் பிடிபடாது என்பதால் எழுதி வைக்கிறேன்.

1. முதல் நாள்

கத்தி தருவார், மெழுகு தருவார் என்று போனேன். நானா ஒரு சின்ன முத்திரை உளியையும் சுத்தியலையும் பித்தளைத் தகட்டையும் தந்தார். உளியின் நுனியில் மூன்று புள்ளிகள். பின்னேரம் வரை தகட்டில் மூன்று புள்ளி குத்தினேன். இதற்கா முள்ளியவளையிலிருந்து பஸ் ஏறி வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் காரணம் சொன்னார். கனகராயன்குளத்தில் இருந்து ஒருவர் குளக்கட்டில் எடுத்த ராசா காலத்து மோதிரம் என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாராம். யாரோ சொன்ன கதையை நம்பி, இருந்த ஒரு மாட்டையும் கொடுத்து வாங்கியிருக்கிறார்.

"நான் வார்த்த மோதிரம், தங்கச்சி. நந்தியின்ர வால் கொஞ்சம் பிசகிப்போச்சு, அதால கண்ட உடன தெரிஞ்சுது. அந்த மனுசனிட்ட அதைச் சொல்ல நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். அண்டைக்குப் பிறகு உள்பக்கத்தில மூண்டு புள்ளி இல்லாமல் ஒரு மோதிரமும் இந்தப் படலையைத் தாண்டாது."

2. பிலோமினா அக்காவின் மோதிரம்

ஆறேழு வருடம் நான் அந்த விதியை மீறவில்லை. மீறியது ஒரே ஒரு தடவை.

பிலோமினா அக்கா முல்லைத்தீவுக் கரையோரத்தவர். புருசனும் மகனும் கடலுக்குப் போகிறவர்கள். அவர் கொண்டுவந்தது தாயின் கைகோத்த மோதிரம். நாங்கள் படத்தைப் பார்த்துச் செய்கிற அதே மாதிரி, ஆனால் உண்மையிலேயே பழையது. எத்தனையோ தலைமுறை விரல்கள் தேய்த்து, ஒரு கையின் பெருவிரல் மழுங்கியிருந்தது.

"இதுமாதிரி இன்னொண்டு வேணும் பிள்ளை. தேய்ஞ்சது, கீறினது எல்லாம் அப்பிடியே வேணும். பவுண் நான் கொண்டுவந்திருக்கிறன், அம்மாவின்ர தோடு."

ஏன் என்று கேட்டேன். தங்கை றீற்றா கனடாவிலிருந்து வந்து நிற்கிறார். மோதிரத்தைச் சின்னவளுக்குத் தருவதாகத் தாய் போனில் வாக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார்.

"இடம்பெயர்ந்த நேரம் பாவாடைக் கரையில தைச்சு வைச்சுக் காப்பாற்றினது நான். அம்மாவைக் கழுவித் துடைச்சது நான். அவளிட்ட தரமாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. அவளும் அழுவாள். புதுசை அம்மாவின்ர எண்டு அவளிட்ட குடுக்கப்போறன், நீ சொன்ன உந்தப் புள்ளியை மட்டும் அடிக்காதை பிள்ளை."

நானா அந்தக் கிழமை புத்தளத்தில் இருந்தார். இருந்திருந்தால் கேட்டிருப்பேனா என்பது வேறு கதை. என் தாயை நானும் தனியாகத்தான் பார்த்தேன். அக்காவின் பக்கம் நியாயம் என்று மனம் அடித்துச் சொன்னது. புள்ளி அடிக்கவில்லை.

மோதிரத்தில் ரப்பர் மோல்ட் எடுத்து, மெழுகு வார்த்து, காஸ்டிங் செய்து, மழுங்கிய பெருவிரலை ஒரு நாள் முழுக்கத் தேய்த்தேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் ஒன்றை மறந்துவிட்டேன். மோல்ட் எடுத்து வார்த்தால் மோதிரம் சுருங்கும். கடைக்குச் செய்கிற மோதிரங்களை வாங்குபவரின் விரலுக்குத்தான் கடைசியில் அளவு பார்ப்போம் என்பதால், அசலின் அளவோடு ஒத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மோதிரங்களை அக்காவிடம் கொடுத்த நாலாம் நாள் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. கொழும்புக்கு, பிளேனுக்குப் போகிற வழியில் இறங்கியவர் றீற்றா. கையில் எங்கள் கடைப் பெட்டி.

"அக்கா பொலிஷ் பண்ணத் தந்தது இங்கதானாம். வந்த அண்டைக்குப் போட்டுப் பார்த்தனான், சரியா இருந்தது. இப்ப விரல் மொழியைத் தாண்டுதில்லை." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "பொலிஷ் பண்ணினா மோதிரம் சின்னனாகுமோ?"

ஓம் என்றால் முடிந்தது. வெயிலுக்கு விரல் வீங்கியிருக்கும் என்றாலும் முடிந்தது. இரண்டும் நாக்கின் நுனியில் நின்றன. கனகராயன்குளத்து மனிதரிடம் நானா எப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

"இல்லை அக்கா. சின்னனாகாது."

றீற்றா கதிரையில் உட்கார்ந்து மோதிரத்தை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இதைச் செய்யப் பவுண் எங்கால வந்தது?"

"உங்கட அம்மாவின்ர தோடு."

"தரமாட்டன் எண்டு சொல்லியிருந்தா விட்டிருப்பன். அம்மாவைப் பார்த்தவள் அவள்தானே. நான் போனில கதைச்சதோட சரி." கண்ணைத் துடைத்துக்கொண்டு மோதிரத்தை என்னிடம் நீட்டினார். "பெருப்பிச்சுத் தாங்கோ. நான் வந்ததையோ கேட்டதையோ அக்காவுக்குச் சொல்லாதேங்கோ. அவள் தாங்கமாட்டாள்."

மோதிரத்தை அளவுக் கம்பியில் ஏற்றித் தட்டினேன். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

3. கருவாடு

நானா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசவில்லை. "இனி அந்த ரெண்டு பேரின்ர பாரமும் நீதான் சுமக்கவேணும்" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் பிலோமினா அக்கா சிரித்த முகத்தோடு வந்தார். விரலில் தாயின் மோதிரம்.

"றீற்றா கையைக் காட்டிப் படம் அனுப்பினவள். ஒரு சந்தேகமும் படேல்ல. என்ர தங்கச்சி ஒரு சூதுவாது தெரியாதவள் பிள்ளை, பாவம்."

பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்து மேசையில் வைத்தார். அவர்களின் கடற்கரை வாடியில் காயவைத்த கட்டாக் கருவாடு. நல்ல சாமான், அந்த வாசத்துக்கே ரெண்டு கோப்பை சோறு கூடப் போகும்.

"நீ செய்தது புண்ணியம். என்ர சகோதரத்தை முறியாமல் காப்பாற்றித் தந்தனீ."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது. தங்கைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அக்காவின் முகத்தைப் பார்த்து நான் சொன்ன பொய் அந்தச் சிரிப்பு.

மோதிரத்தின் உள்ளே குத்தும் மூன்று புள்ளி ஏமாற்றுக்காரர்களுக்காக என்று நினைத்திருந்தேன். அது நல்லவர்களுக்காகவும்தான். இரண்டு பேருக்கு நடுவில் நல்ல மனதோடு ஒரு பொய் புகுந்துவிட்டால், அதை வெளியில் எடுக்க ஒருவருக்கும் மனம் வராது. நல்லெண்ணத்தோடு கெஞ்சுகிறவரிடம்தான் இல்லை என்று சொல்லப் பழக வேண்டும்.

பிலோமினா அக்கா இப்போதும் வருசத்தில் இரண்டு தடவை கருவாடு கொண்டுவருகிறார். வாங்கி, பட்டறைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறேன். என் வீட்டுக் குசினிக்கு அதைக் கொண்டுபோக இன்னும் முடியவில்லை.