பன்னிரண்டாவது பிள்ளை

எங்கள் ஊரின் நடுவே ஓர் ஓடை. இந்தக் கரை லாத்வியா, அந்தக் கரை எஸ்தோனியா. இங்குனா இந்தக் கரைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு டீச்சர். நான் அங்கே சமையல்காரி. என் கஞ்சியில் உப்பு கூடினால்கூட நூற்றுக்கு எவ்வளவு கூடியது என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

அந்தப் பிப்ரவரியில், வரும் செப்டம்பரில் பத்தாம் வகுப்பைத் திறக்கப்போவதில்லை என்று பேச்சு வந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் வேண்டும், பதினொன்றுதான் இருக்கிறது என்றது நகராட்சி. பத்தாம் வகுப்பு போனால் அடுத்தடுத்து பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் போகும். இங்குனா ஒரு மாதம் உட்கார்ந்து இரண்டு நாடுகளும் பள்ளிக்குச் செலவழிப்பதை ஒப்பிட்டுப் பெரிய படம் வரைந்தாள். ஒரு பிள்ளைக்கு அந்தக் கரை கொடுப்பது நீளக் கம்பம், நம்முடையது குட்டைக் கம்பம்.

நகராட்சிக் கல்விப் பிரிவுத் தலைவன் ஐனார்ஸ் அவளிடம் படித்தவன்தான். நகராட்சி மண்டபத்தில் நடந்த ஊர்க் கூட்டத்தில் படத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"டீச்சர், சதவீதம்னா முதல்ல 'எதுல'ன்னு கேக்கணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நாட்டு வருமானத்துல பாருங்க. ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே பங்குதான் குடுக்கறோம்."

"சின்ன ரொட்டில பாதியும் பெரிய ரொட்டில பாதியும் ஒண்ணாடா?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஐனார்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"பணம் பிள்ளைக்குப் பின்னாடிதான் போகும், டீச்சர். பன்னிரண்டாவது பிள்ளையைக் காட்டுங்க, நாளைக்கே திறக்கறேன்."

"என் பொண்ணு எல்சா இருக்காளே! இங்கதானே ஒன்பதாவது படிக்கிறா!"

அவன் காகிதத்தைத் திருப்பினான். குரல் தணிந்தது. "பிள்ளைகளை எண்ணற ஜனவரி ஒண்ணாம் தேதி கணக்குப்படி எல்சா அந்தக் கரைல குடியிருக்கா. கையெழுத்து உங்களோடது."

இங்குனாவின் முகத்தை அப்போது பார்த்திருக்கக் கூடாது. போன இலையுதிர் காலத்தில் அவள் கணவன் குந்திஸ், அந்தக் கரை மர ஆலையில் வேலை செய்கிறவன், அங்கேயே இருக்கும் தன் தங்கை வீட்டு முகவரியில் மகளைப் பதிந்துவிட்டான்; இங்குனாவும் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் இலவசம். எங்கள் ஊரில் பாதிப்பேர் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன்.

நானும் கூடப் போனேன்; வீட்டுக்கு வந்ததும் அவள் குந்திஸைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கே முகவரியை மாத்து."

"மாத்தலாம். ஆனா எண்ணினது எண்ணினதுதான். இங்க பத்தாவது கிடையாது. அங்க சேர்க்கணும்னா அந்த முகவரி வேணும். எதை மாத்தச் சொல்ற, இங்குனா?"

"நீச்சல் கத்துக்கிட்டாளே, அது போதும்."

"என்னைக் குத்தாத. கையெழுத்து நீதானே போட்ட!"

வகுப்பு திறக்கவில்லை. பதினொரு பிள்ளைகளும் தூரத்து ஊர்ப் பள்ளிக்குப் பேருந்தேறினார்கள். அந்த முகவரி இருந்ததால் எல்சா மட்டும் ஓடையைத் தாண்டினாள். அந்தக் கரை மொழியில் வணக்கமும் நன்றியும் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் முதல் தேதி, பள்ளி திறக்கும் நாள். எங்கள் வழக்கப்படி பிள்ளைகள் டீச்சருக்குப் பூக்கொத்து தர வேண்டும். இங்குனா தன் தோட்டத்து டாலியாப் பூக்களை அவளே வெட்டி, தாளில் சுற்றி மகளிடம் கொடுத்தாள்.

மதியம் எல்சா எங்கள் பள்ளிச் சமையலறைக்கே வந்து, என் மேஜையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பூவை யாருக்கும்மா குடுத்த?" என்று கேட்டாள் இங்குனா.

"கணக்கு டீச்சருக்கு. நல்லா இருக்காங்க. சதவீதம்தான் எடுத்தாங்க."

"புரிஞ்சுதா?"

"எண்கள் புரிஞ்சுது. 'எதுல'ங்கறதுதான் புரியல."

இங்குனா தட்டை நகர்த்தினாள். "உப்பு ரொம்ப," என்றாள் என்னிடம். எவ்வளவு கூடுதல் என்று சொல்லவில்லை.